இடக்கதவா, வலக்கதவா? கீலுக்குப் பக்கம் எப்படி வருகிறது

ஹார்டுவேர் கடையில் சாதாரணப் பட்டைக் கீல் கேட்டால், நாலு அங்குலமா ஐந்து அங்குலமா, இரும்பா ஸ்டீலா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கதவைத் தூக்கினால் கழன்று வரும் லிஃப்ட்-ஆஃப் கீல் கேட்டுப் பாருங்கள், "லெஃப்டா, ரைட்டா?" என்ற கேள்வி வந்துவிடும். இரண்டிலும் இருப்பது இரண்டு தகடு, தகட்டின் ஓரத்தில் சுருட்டிய குழல், குழலுக்குள் ஓர் அச்சாணி, அவ்வளவுதான். ஆனால் ஒன்று எந்தக் கதவுக்கும் பொருந்துகிறது. மற்றொன்றைப் பக்கம் மாற்றி வாங்கிவிட்டால், தலைகீழாகப் பிடித்தாலும் முன்பின்னாகப் பிடித்தாலும் உதவாது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று பிடித்துவிட்டால், இரு பக்கமும் பொருந்தும் கீலை வடிவமைப்பது பாதி முடிந்த மாதிரி.

முதலில், எது இடக்கதவு? இதில் நாடுகளே ஒத்துப்போவதில்லை. ஜெர்மனியின் டி.ஐ.என். 107 தரநிலை சொல்வது எளிது: கதவு உங்களை நோக்கித் திறக்கும் பக்கத்தில் நில்லுங்கள். கீல் இடக்கைப் பக்கம் இருந்தால் இடக்கதவு. அமெரிக்காவில் வீட்டுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். கீல் இடப்பக்கம் இருந்து, கதவைத் தள்ளித் திறந்தால் அது இடக்கதவு. இடப்பக்கம் இருந்தும் இழுத்துத் திறக்க வேண்டியிருந்தால் அதற்கு 'எதிர் இடக்கதவு' என்கிற மாதிரித் தனிப்பெயர். வலத்துக்கும் இதேபோல இரண்டு. விளைவு என்னவென்றால், அமெரிக்கர் இடக்கதவு என்று சொல்வது ஜெர்மானியருக்கு வலக்கதவு. வெளியே நின்று தள்ளுகிறவருக்கு இடப்பக்கம் இருக்கும் கீல், உள்ளே நின்று இழுக்கிறவருக்கு வலப்பக்கம்தானே. வெளிநாட்டுத் தளத்தில் கீல் வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இந்த நான்கு பெயரும் பூட்டுக்குத் தேவை. சாவி போடும் பக்கம் வெளியே இருக்க வேண்டும் அல்லவா? கீலுக்கு வீட்டின் உள்ளும் வெளியும் தெரியாது. குழல் எந்தப் பக்கம் புடைத்திருக்கிறதோ அந்தப் பக்கம் கதவு திறக்கும், அது மட்டும்தான் அதற்குக் கணக்கு. அதனால் கீலைப் பொறுத்தவரை நான்கும் இரண்டாகச் சுருங்கிவிடுகின்றன. ஜெர்மானியர் முறையே கீலுக்குப் போதும்.

சரி, கீலுக்குப் பக்கம் வருவது எப்படி? ஒரு கீலில் மூன்று திசைகளைக் கவனிக்கலாம். மேல், கீழ் ஒன்று. திருகாணியின் தலை தெரியும் முகம், மரத்தோடு ஒட்டும் முகம் என்ற முன், பின் ஒன்று. நிலையில் பொருத்தும் தகடு, கதவில் பொருத்தும் தகடு என்பது மூன்றாவது. இந்த மூன்றிலும் இது இதுதான், மாற்றக் கூடாது என்று கீல் அடம்பிடித்தால் அதற்குப் பக்கம் வந்துவிடும். மேல் எது, முன் எது என்று தீர்ந்த பிறகு நிலைத் தகடு இடப்பக்கம் இருக்கும் அல்லது வலப்பக்கம் இருக்கும். சுழற்றி ஒன்றை மற்றொன்றாக்க முடியாது. இடக்கால் செருப்பை எப்படித் திருப்பினாலும் வலக்காலுக்குச் சேராததும் இதே கணக்குதான். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை அசலோடு பொருத்தவே முடியாத இத்தகைய வடிவங்களுக்கு, 1893-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையொன்றில் கெல்வின் பிரபு 'கைரல்' என்று பெயரிட்டார். இன்று அந்தச் சொல் பெரும்பாலும் மருந்து மூலக்கூறுகளைப் பற்றிப் பேசும்போதுதான் காதில் விழுகிறது. அவர் சொன்ன வரையறையில் மூலக்கூறே இல்லை, வெறும் வடிவக் கணிதம்.

ஆக, வடிவமைப்பாளர் செய்ய வேண்டியது மூன்று திசைகளில் ஏதாவது ஒன்றைக் கீல் பொருட்படுத்தாதபடி செய்வது. ஒன்று போனாலே போதும்.

பட்டைக் கீல் எதை விட்டுவிட்டது என்று பாருங்கள். வழக்கமான கீலில் குழல் ஐந்து துண்டாக இருக்கும். ஒரு தகட்டில் மூன்று, மற்றதில் இரண்டு, மாறி மாறி. மேலிருந்து எண்ணினாலும் கீழிருந்து எண்ணினாலும் ஒரே வரிசை. ஒற்றைப்படையாக வைத்ததில் கிடைத்த லாபம் இது. தலைகீழாகத் திருப்பினால் இடத்தகடு வலமாகிறது, வேறெதுவும் மாறவில்லை. இடக்கதவுக் கீல் வலக்கதவுக் கீலாகிவிட்டது. அச்சாணிக்கு ஒரு முனையில் தலை இருப்பது மட்டும் உறுத்தும். அதை உருவி மறுமுனையில் செருகினால் தீர்ந்தது.

திருப்பாமலேயே விடவும் வழி உண்டு. மூன்று துண்டுத் தகட்டை நிலைக்குக் கொடுப்பது வழக்கம் என்றாலும், இரண்டு துண்டுத் தகட்டைக் கொடுத்தாலும் கதவு தொங்கத்தான் செய்யும். எடையைத் தாங்குவது குழல் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் இடங்கள். ஐந்து துண்டுக்கு நடுவே நான்கு சந்திப்புகள். கதவின் துண்டு மேலேயும் நிலையின் துண்டு கீழேயும் வரும் சந்திப்புதான் எடை தாங்கும். கதவுக்கு இரண்டு துண்டு கொடுத்தால் மேலிருந்து இரண்டாவது, நான்காவது சந்திப்புகளில் எடை இறங்கும். மூன்று கொடுத்தால் முதலாவது, மூன்றாவது. எப்படிப் பார்த்தாலும் இரண்டு சந்திப்பு வேலை செய்யும், இரண்டு சும்மா இருக்கும்.

இந்தச் 'சும்மா இருக்கும்' இரண்டில்தான் வடிவமைப்பாளரின் தலைவலி இருக்கிறது. கனமான கதவுக்குச் சந்திப்புகளில் பால் பேரிங் வைப்பார்கள். சிக்கனம் பார்த்து, எடை இறங்கும் இரண்டு சந்திப்பில் மட்டும் வைத்தால், அந்தக் கீலைத் தலைகீழாக்கிய கணமே எடை பேரிங் இல்லாத சந்திப்புகளுக்குப் போய்விடும். பக்கமே இல்லாத கீலுக்கு நாமாக ஒரு பக்கம் வாங்கிக் கொடுத்த மாதிரி. நான்கிலும் வைத்தால் எப்படியும் மாட்டலாம், ஆனால் எந்த நேரத்திலும் பாதி பேரிங் வேலையில்லாமல்தான் இருக்கும். இரு பக்கமும் பொருந்தும் பொருள்கள் பலவற்றில் இப்படி ஒரு சும்மா கிடக்கும் பாதி இருக்கும். அந்தச் செலவை எங்கே ஒளித்துவைக்கிறார்கள் என்பதில்தான் கெட்டிக்காரத்தனம்.

உருவியெடுக்கும் அச்சாணியில் இன்னொரு சிக்கல், திருடன். வெளிப்பக்கம் திறக்கும் கதவில் குழல் தெருவைப் பார்த்து இருக்கும். அச்சாணியைத் தட்டி உருவினால் பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. இதற்காக நடுக் குழலில் ஒரு சிறு திருகாணியை உட்புறமாக வைத்து அச்சாணியைப் பிடித்துவைக்கிறார்கள். கதவு திறந்திருந்தால்தான் அந்தத் திருகாணி கைக்கு எட்டும்.

இப்போது லிஃப்ட்-ஆஃப் கீல். இங்கே குழல் இரண்டே துண்டு. கீழ்த் துண்டில் அச்சாணி நட்டு நிற்கும், அது நிலைக்கு. மேல் துண்டு அதன்மீது உட்காரும், அது கதவுக்கு. கதவைத் தூக்கினால் வந்துவிடும். பெயின்ட் அடிக்க, கட்டிலையும் பீரோவையும் உள்ளே கொண்டுபோக மிகவும் வசதி. ஜெர்மன் வீடுகளின் உட்கதவுகளில் இந்த வகைதான் சாதாரணம். ஆனால் கதவு மேலே, நிலை கீழே என்று புவியீர்ப்பே சட்டம் போட்டுவிட்டது. தலைகீழாக்கி மறுபக்கம் மாட்டினால், நிலையின் துண்டு மேலே போய், கதவின் துண்டு அதன் அடியில் தாங்க ஒன்றுமில்லாமல் நிற்கும். கையை எடுத்ததும் கதவு காலில் விழும். மேல், கீழ் தீர்மானமாகிவிட்டது. திருகாணிக் குழிவு இருப்பதால் முன், பின்னும் தீர்மானம். தகடுகளும் வேறு வேறு. மூன்றும் சேர்ந்தாகிவிட்டது, பக்கம் வந்துவிட்டது.

இதிலிருந்து தப்பிக்க எனக்கு மிகவும் பிடித்த வழி, வெல்டிங் பட்டறையில் கிடக்கும் புல்லட் கீல். இரும்பு கேட்டுகளில் பார்த்திருப்பீர்கள், தோட்டா வடிவில் இரண்டு துண்டு, கீழ்த் துண்டில் முளை, மேல் துண்டில் துளை. இதுவும் தூக்கிக் கழற்றும் கீல்தான், மேல் கீழ் கறாராக உண்டு. ஆனால் தகடே கிடையாது. உருளைக்கு ஏது முன், பின்? எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் வெல்டு வைத்துக்கொள்ளலாம். இடக் கேட்டுக்கும் வலக் கேட்டுக்கும் ஒரே சரக்கு. பக்கத்தைத் தீர்மானிக்கும் வேலையைத் தொழிற்சாலை பட்டறைக்காரரின் கைக்குத் தள்ளிவிட்டது.

மரக்கதவுக்கு வெல்டு வைக்க முடியாது, தகடு வேண்டும். அப்போது முன், பின் வேறுபாட்டைத் தகட்டிலிருந்தே நீக்கப் பார்க்கலாம். குழல் வழக்கமாகத் தகட்டின் ஒரு முகத்தை ஒட்டிச் சுருட்டப்பட்டிருக்கும். அதைத் தகட்டின் நடுவுக்குக் கொண்டுவந்து, திருகாணித் தலை உட்காரும் குழிவை இரு முகத்திலும் வெட்டினால் தகட்டுக்கு முன் பின் இல்லை. காகிதத்தில் அழகான யோசனை, இரும்பில் அவ்வளவு சரியில்லை. 3 மி.மீ. தகட்டில் இரண்டு முகத்திலும் குழி வெட்டினால் நடுவில் மெல்லிய விளிம்புதான் மிஞ்சும். ஆனால் அந்த விளிம்பை நம்பித்தான் கதவு தொங்குகிறது. 30 கிலோ எடை, 90 செ.மீ. அகலம் உள்ள கதவை எடுத்துக்கொள்வோம். எடை நடுவில், அதாவது கீலிலிருந்து 45 செ.மீ. தள்ளி இறங்குகிறது. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் 170 செ.மீ. இடைவெளி என்றால், மேல் கீலைக் கதவு சுமார் 8 கிலோ விசையோடு நிலையிலிருந்து பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும். கீழ்க் கீலை அதே அளவு நிலையை நோக்கி அழுத்தும். பழைய கதவில் மேல் கீலின் திருகாணி முதலில் தளர்வதற்கு இதுவே காரணம்.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு தகட்டின் உயரத்தையும் அதன் சொந்தக் குழல் துண்டின் உயரத்துக்கே வெட்டிவிடுங்கள். கம்பத்தில் பறக்கும் கொடி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். குழலை முனையிலிருந்து முனைவரை துளைத்துவிடுங்கள். அச்சாணியை நிரந்தரமாக நடாமல், எந்த முனையிலிருந்தும் செருகி ஒரு சிறு திருகாணியால் இறுக்கும்படி வையுங்கள். இப்போது தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எந்தத் தகட்டுக்கும் மேல் கீழ் இல்லை. வலக்கதவு என்றால் இரண்டு தகட்டையும் தனித்தனியே தலைகீழாக்கி, நிலைத் தகட்டில் அச்சாணி மேல்நோக்கி நீட்டும்படி செருகிக்கொள்ள வேண்டியதுதான். பயன்படாத முனைக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. மேல், கீழ் என்ற தீர்மானம் கீலை மாட்டும் நேரம்வரை தள்ளிப்போடப்படுகிறது.

இதைவிடப் பிடிவாதமான ஒரு வகை உண்டு: கதவு திறக்கும்போது அதைச் சற்றுத் தூக்கும் ரைசிங் கீல். குழல் துண்டுகள் சந்திக்கும் முகம் தட்டையாக இல்லாமல் சுருள் சரிவாக வெட்டப்பட்டிருக்கும். கதவு சுழலச் சுழலச் சரிவில் ஏறும், தரைவிரிப்பில் உரசாது. விட்டால் தன் எடையாலேயே சறுக்கி வந்து மூடிக்கொள்ளும். 30 கிலோ கதவு 10 மி.மீ. ஏறினால் சேர்ந்திருக்கும் ஆற்றல் சுமார் 3 ஜூல். சரிவு உராய்வை வெல்லும் அளவு செங்குத்தாக இருந்தால் மூடுவதற்கு அதுவே போதும்.

சுருளின் தொல்லை என்னவென்றால் அதற்கு எப்போதும் பக்கம் உண்டு. வலச்சுருள் திருகாணியைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், அது இன்னமும் வலச்சுருள்தான். திருப்புவதில் பயனே இல்லை. ஒரே வழி, சுருளை விட்டுவிட்டு இரு பக்கமும் ஏறும் வி வடிவப் பள்ளத்தை வெட்டுவது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம், எந்தப் பக்கமிருந்தும் பள்ளத்துக்கு வந்து நிற்கும். ஆனால் ஒரு வட்டத்தில் இடம் 360 பாகைதான். ஒரு மேடு, ஒரு பள்ளம் என்றால் பக்கத்துக்கு 180 பாகை கிடைக்கும், எடை ஒரே இடத்தில் சாயும். எடை சமமாக இறங்கட்டும் என்று எதிரெதிரே இரண்டு மேடு வைத்தால் பக்கத்துக்கு 90 பாகைதான். அதைத் தாண்டினால் கதவு அடுத்த பள்ளத்தில் விழுந்து திறந்தே கிடக்கும். மேட்டின் உச்சியைச் சிறிது தட்டையாக்கிவிட்டால் 90 பாகையில் கதவை நிறுத்திவைக்கவும் முடியும் என்பது இதில் இலவச லாபம். சரிவை நைலான் துண்டாகத் தனியே செய்து, தேவையான முனையில் செருகும்படி வைத்தால் முன்பு சொன்ன கொடித் தகடுகளோடும் ஒத்துப்போகும்.

சுருள்வில் வைத்த ஸ்பிரிங் கீலுக்கும் இதே கதி என்று தோன்றலாம், சுருளுக்குப் பக்கம் உண்டே. ஆச்சரியமாக, அங்கே பிரச்சினை இல்லை. வில் செய்வது இரண்டு தகட்டையும் ஒன்றையொன்று நோக்கி மடக்குவது மட்டும். மடங்குவதற்கு மேல் எது, கீழ் எது என்று தெரிய வேண்டியதில்லை. தலைகீழாக்கி மறுபக்கம் மாட்டினாலும் கதவை மூடவே செய்யும். அலமாரிக் கதவுகளில் 35 மி.மீ. குழிக்குள் உட்காரும் ஆட்டோ ஹிஞ்சும் மேலும் கீழும் ஒத்த வடிவம்தான், அதனால் தச்சர்கள் பக்கம் பாராமல் பெட்டியோடு வாங்கி வருகிறார்கள்.

இத்தனையையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் சமையலறைக்குப் போகலாம். பழைய ஃபிரிட்ஜ்களில் கதவைப் பிடித்துவைக்க ஒரு பக்கம் கொக்கி இருந்தது. உள்ளே போன குழந்தைகளால் அதைத் திறக்க முடியவில்லை. சாவுகளுக்குப் பிறகு, ஃபிரிட்ஜை உள்ளிருந்தும் திறக்க முடிய வேண்டும் என்று 1956-இல் அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தது. கொக்கியின் இடத்தைக் காந்தப் பட்டை பிடித்தது. காந்தம் கதவின் நான்கு ஓரமும் ஓடுகிறது, அதற்கு இடம் வலம் இல்லை. இன்றைய பல ஃபிரிட்ஜ்களில் கீல் மாட்டும் துளைகள் இரு பக்கமும் இருக்கும், பயன்படாத பக்கத்தில் பிளாஸ்டிக் அடைப்பு. கீழ்க் கீலில் கதவைத் தானாக மூடவைக்கும் சரிவுத் துண்டு இருக்கும். அது ஒற்றைச் சரிவாக இருந்தால் மறுபக்கத்துக்கு வேறு துண்டு தேவை. சில மாடல்களில் அதையும் உறையில் போட்டே தருகிறார்கள். கதவைப் பக்கம் மாற்றிய பிறகு அது சரியாக மூடாமல் சற்றே திறந்து நின்றால், முதலில் அந்தத் துண்டைத்தான் பார்க்க வேண்டும். கதவில் திரையோ தண்ணீர்க் குழாயோ வைத்த மாடல்களில் ஒயரும் குழாயும் ஒரு பக்கத்துக் கீல் வழியாகவே கதவுக்குள் போகும். அவற்றைப் பெரும்பாலும் பக்கம் மாற்ற முடியாது. சுவரோரம் வைக்கப்போகிறீர்கள் என்றால் வாங்கும் முன்பே எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.