அசையாத ஓவியத்தில் ஓடும் கால்கள்

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் வேட்டைத் திருவிழாவன்று சுவாமி எழுந்தருளும் குதிரை வாகனத்தை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு, அதன் முன்னங்கால்கள் நிலத்தில் படாமல் மடங்கி உயர்ந்திருப்பது நினைவிருக்கும். வீதியுலா முடிந்து வாகனசாலையில் ஓர் ஓரமாக நிற்கும்போதும் அந்த மரக்குதிரை பாய்வதாகவே தோன்றும். அசையாத பொருளில் அசைவை ஏற்றும் இந்த வித்தையை, தம் உடம்பு ஓடியும் மோதியும் விழுந்தும் அறிந்தவற்றிலிருந்தே கற்றுக்கொண்ட ஓவியர் ஒருவர் இருந்தார்.

அவர் பெயர் ஏர்னி பார்ன்ஸ். 1938 இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து டர்ஹம் நகரில் பிறந்த அவர், 1960 முதல் 1964 வரை தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரராக இருந்தார். அது நமது உதைபந்தாட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியினரை மோதித் தள்ளி முன்னேறும், றக்பிக்கு நெருங்கிய ஆட்டம். ஒரு நடன மண்டபத்தைக் காட்டும் அவரது ‘சுகர் ஷாக்’ ஓவியத்தின், அவரே 1976 இல் வரைந்த வடிவம், 2022 மே மாதம் நியூயோர்க்கில் ஏறத்தாழ 1 கோடியே 53 இலட்சம் டொலருக்கு ஏலம்போனது. ஏலத்துக்கு முன் அதற்கு இடப்பட்ட உச்ச மதிப்பு 2 இலட்சம் டொலர்தான். கல்லூரியில் அவருக்குக் கலை கற்பித்த சிற்பி எட் வில்சன், ஆடும்போது உடம்பு எதை உணர்கிறது என்பதைக் கவனிக்கும்படி அவருக்குச் சொல்லியிருந்தார். பார்வையைக் கூர்மையாக்கு என்று சொல்லாமல் உணர்வைக் கவனி என்று சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது.

உடம்புக்குத் தன் நிலையை அறிய ஒரு தனிப் புலன் உண்டு. தசை நார்களுக்கு இடையே, அவற்றுக்கு இணையாக, நூற்கதிர் வடிவில் நுண்ணிய உறுப்புகள் பொதிந்துள்ளன. தசை நீளும்போது அவையும் நீண்டு, எவ்வளவு, எவ்வளவு விரைவாக என்ற செய்தியை நரம்பு வழியே அனுப்புகின்றன. தசை எலும்போடு சேரும் தசைநாணில் உள்ள வேறு உறுப்புகள் இழுவிசையை அளக்கின்றன. இச்செய்திகள் முதுகெலும்பினுள் ஓடும் முண்ணாண் வழியாக, மூளையின் பெரும்பகுதியான மூளையத்தையும் அதன் பின்புறம் கீழே உள்ள சிறுமூளையான மூளியையும் அடைகின்றன. இருட்டில் நுளம்பு கடித்த இடத்தைக் கை தவறாமல் சென்று அடிப்பது இந்தப் புலனின் தயவால்தான்.

ஆனால் இப்புலன் அளவுகோல் பிடித்து அளப்பதில்லை, கணித்து ஊகிக்கிறது. ஒருவர் கண்ணை மூடி விரலால் மூக்கு நுனியைப் பிடித்திருக்கையில், அவரது மேற்கையின் முன்புறத் தசையின் தசைநாணை விநாடிக்கு எண்பது முறையளவில் அதிரச் செய்தால், தசை நீள்கிறது என்ற பொய்ச் செய்தி மூளைக்குப் போகிறது. கை விலகிச் செல்வதாகத் தோன்றுகிறது, ஆயினும் விரல் மூக்கை விடவில்லை. இரண்டையும் பொருத்திப் பார்க்கும் மூளை, மூக்குத்தான் நீண்டுவிட்டது என்ற முடிவுக்கு வருவதுண்டு. உணரப்படும் உடம்பின் நீளம் எலும்பின் நீளத்துக்குக் கட்டுப்பட்டதன்று. பார்ன்ஸின் மனிதர்களுக்குக் கைகால்கள் அளவுக்கு மீறி நீண்டும், முதுகு வில்லாக வளைந்தும் இருப்பதை வெறும் அலங்காரமாக நான் கருதாததற்குக் காரணம் இதுவே. பந்தை எட்டிப் பிடிக்கப் பாயும் கை, பாய்பவனுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும்.

விளையாடியவன் பிறர் உடம்பையும் வேறு விதமாகப் பார்க்கிறான். 2008 இல் வெளியான ஓர் ஆய்வில், கூடைக்குப் பந்தெறியும் காட்சிகளை இடையில் நிறுத்தி, பந்து விழுமா தவறுமா என்று கேட்டார்கள். தேர்ந்த கூடைப்பந்தாட்ட வீரர்கள், பயிற்றுநர்களையும் விளையாட்டுச் செய்தியாளர்களையும் முந்தி, பந்து கையை விட்டு நீங்கும் முன்பே சரியாகச் சொன்னார்கள். பயிற்றுநர்களும் செய்தியாளர்களும் ஆயிரம் ஆட்டங்களைக் கண்ணால் பார்த்தவர்கள். வீரர்களோ, பார்க்கும் அசைவைத் தம் தசைகளைக் கொண்டே படித்தவர்கள். கிளித்தட்டில் தட்டு மறித்துப் பழகியவர், ஓட வருபவரின் இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தே திசையை அறிந்துகொள்வதும் இந்த வகை அறிவுதான்.

பார்ப்பவர் மூளையும் இதில் பங்கெடுக்கிறது. மூளையின் பின்பகுதியில் அசைவைக் கையாளவென்றே ஓர் இடம் உண்டு. அசையாத படமேயானாலும், ஓடுவதையோ எறிவதையோ காட்டும் படத்தைப் பார்க்கும்போது, ஓய்ந்திருப்பவரின் படத்தைப் பார்க்கும்போதைவிட அவ்விடம் அதிகமாகக் கிளர்வதை 2000 ஆம் ஆண்டளவில் மூளை வரைவிகள் காட்டின. இந்தக் கிளர்ச்சிக்கு உடற்கூற்றுத் துல்லியம் தேவையில்லை போலும். பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821 இல் வரைந்த பந்தயக் குதிரைகள் நான்கு கால்களையும் முன்னும் பின்னும் நீட்டியபடி அந்தரத்தில் பறக்கின்றன. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒருசேர நிலத்தை விட்டு நீங்குவது அவை வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும் கணத்தில்தான் என்பதை 1878 இல் மைபிரிட்ஜின் ஒளிப்படங்கள் மெய்ப்பித்தன. ஒளிப்படத்துக் குதிரை உறைந்து நிற்கிறது; தவறாக வரைந்த குதிரையோ இன்றும் ஓடுகிறது.

பார்ன்ஸின் ஓவியங்களில் பெரும்பாலோரின் கண்கள் மூடியிருக்கும். ஒருவர் மற்றவரின் மனிதத்தன்மையைக் காணாத குருடராக இருக்கிறோம் என்பதே அதற்கு அவர் தந்த விளக்கம். அதை மறுக்க நான் யார்? ஆயினும் ‘சுகர் ஷாக்’ மண்டபத்தில் கண்மூடி ஆடுபவர்களில் ஒருவரும் தம் கை எங்கே, கால் எங்கே என்று தேடுவதாகத் தெரியவில்லை.