நண்டுக்கு ஏது எலும்புக்கூடு?

நண்டு, தேள், வண்டு, கரப்பான் இவற்றின் உடம்பை மூடியிருக்கும் கெட்டியான உறையை 'வெளி எலும்புக்கூடு' என்று எழுதுவதை இன்னும் எத்தனை நாள் பொறுப்பது? தமிழில் குரல் கொடுத்த விலங்குப் படங்களில் அதுதான், பிள்ளைகளின் அறிவியல் குறிப்பிலும் அதுதான். வேலூரில் எந்த மீன் கடையிலும் நண்டைக் காட்டி "எலும்பை எடுத்துக் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். "நண்டுல ஏதுங்க எலும்பு? ஓடுதான்" என்பார்கள். அவர்கள் சொல்வதுதான் உயிரியல்.

ஆங்கிலத்தில் எக்ஸோஸ்கெலிட்டன். கிரேக்கத்தில் எக்ஸோ என்றால் வெளியே, ஸ்கெலிட்டோஸ் என்றால் காய்ந்துபோனது. மூலச்சொல்லிலேயே எலும்பு கிடையாது.

உறை ஆகியிருக்கும் பொருளிலும் எலும்பு கிடையாது. பூச்சியின் உறை கைட்டின் என்ற கெட்டியான பொருள்; நண்டுக்கு அதோடு சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து இறுகுகிறது. கிரேக்கரின் கிட்டோன் என்ற அங்கியை வைத்து 1823-ல் ஓடியே என்ற பிரெஞ்சுக்காரர் அதற்குக் கைட்டின் என்று பெயரிட்டார். பாம்பு 'சட்டை' உரிக்கிறது என்று சொல்லும் நமக்கு அந்தப் பெயர் எளிதில் புரியும். நண்டும் வளர வளரப் பழைய உறையைக் கழற்றிவிடுகிறது. எலும்புக்கூட்டை யாராவது கழற்றிப்போட முடியுமா?

குழப்பம் ஆமையிடம் வரும்போது முற்றுகிறது. ஆமையின் ஓடு உண்மையிலேயே எலும்பு. விலாவும் முதுகெலும்பும் சேர்ந்து தட்டாகி, மேலே நகம் போன்ற பொருள் போர்த்தியது. எலும்பே இல்லாத நண்டுக்கு 'எலும்புக்கூடு' என்று கொடுத்துவிட்டால், ஆமைக்கு என்ன சொல்வீர்கள்?

என் முடிவு இது. பொதுவாக எழுதும்போது 'ஓடு' போதும். ஆனால் நத்தை ஓடு, முட்டை ஓடு, மண்டை ஓடு, கூரை ஓடு என்று அந்தச் சொல் பல வேலை செய்வதால், பாடத்தில் 'புறச்சட்டகம்' வேண்டும். தசைகள் உள்பக்கம் பற்றிக்கொள்ள, உடம்பைத் தாங்கி நிற்பதுதான் அந்த உறையின் வேலை. சட்டகம் என்ற சொல் அதைச் சரியாகச் சொல்கிறது. இது புதிதாகச் செய்ததும் இல்லை, புழக்கத்தில் இருப்பதுதான். அப்புறம் ஏன் அகராதியில் முதல் வரியை மட்டும் பார்த்து ஸ்கெலிட்டனுக்கு எலும்புக்கூடு என்று போட்டுவிட்டு நகர்கிறார்கள்?

இந்த அவசரம் மருத்துவச் செய்திக்கும் வந்துவிட்டது. கால் செயலிழந்தவர் நடக்க உடம்பில் பூட்டும் கருவிக்கும் ஆங்கிலத்தில் எக்ஸோஸ்கெலிட்டன் என்றே பெயர் என்பதால், அதுவும் 'வெளி எலும்புக்கூடு' ஆகிறது. முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள் மறுவாழ்வு தேடி வரும் ஊர் வேலூர். அப்படி வந்தவரின் வீட்டாரிடம் "எலும்புக்கூட்டை மாட்டி நடக்கவைப்போம்" என்று சொல்ல எந்த மருத்துவருக்கு வாய் வரும்? 'நடைச் சட்டகம்' என்று எழுதுங்கள்.