சுண்டல் சாப்பிட்டால் வயிறு ஏன் உப்புகிறது? பெருங்குடலில் நார்ச்சத்து செய்யும் வேலை

நவராத்திரி முடிந்த கையோடு வாசகர்களிடமிருந்து வரும் கேள்வி இது: “நார்ச்சத்து வயிற்றுக்கு நல்லது என்கிறீர்கள். ஒன்பது நாளும் விதவிதமாகச் சுண்டல் சாப்பிட்டேன். வயிறு உப்பிக்கொண்டதுதான் மிச்சம். ஏன் இப்படி?”

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி, தீட்டிய பச்சரிசி 100 கிராமில் நார்ச்சத்து 3 கிராமைத் தொடுவதில்லை. தோல் நீக்காத கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. ஆளுக்கு 50 கிராம் கடலை என்று ஊறவைத்தால் ஒரு கிண்ணம் சுண்டலில் 12 கிராமுக்கு மேல் நார் வந்துவிடும். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம். மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் இட்லியுமாகப் பழகிய குடலுக்கு, மாலை நேரத்தில் ஒரே மூச்சில் அதில் பாதியைக் கொடுத்திருக்கிறோம்.

வாய், இரைப்பை, சிறுகுடல் பாடமெல்லாம் பள்ளியில் படித்ததுதான். மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் நமக்கு உண்டு. நார்ச்சத்து வகைகளான செல்லுலோஸையும் பெக்டினையும் உடைக்கும் நொதிகள் கிடையாது. பயறு வகைகளில் நமக்குச் செரிக்காத சர்க்கரைக் கூட்டம் ஒன்றும் உண்டு: ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ், வெர்பாஸ்கோஸ். நாம் காப்பியில் போடும் சர்க்கரை மூலக்கூறுடன் ஒரு கேலக்டோஸ் சேர்ந்தால் ராஃபினோஸ், இரண்டு சேர்ந்தால் ஸ்டாக்கியோஸ், மூன்று சேர்ந்தால் வெர்பாஸ்கோஸ். அந்தக் கேலக்டோஸைக் கழற்ற ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் என்ற நொதி வேண்டும். மனிதச் சிறுகுடல் அதைச் சுரப்பதில்லை. அதனால் சாப்பிட்ட சில மணி நேரத்தில் இவை உடையாமல் அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கின்றன.

அங்கே லட்சம் கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. நமக்கு இல்லாத நொதிகள் அவற்றிடம் இருக்கின்றன. அவை நாரையும் இந்தச் சர்க்கரைகளையும் நொதிக்க வைக்கும்போது ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு ஆகிய வாயுக்கள் வெளியாகின்றன. வயிறு உப்புவது இதனால்தான். கூடவே அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்று மூன்று சிறு கொழுப்பு அமிலங்களும் உருவாகின்றன. இந்த மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். உடலியலில் இவ்வளவு அழகான ஏற்பாடுகள் அதிகமில்லை.

உடலின் பெரும்பாலான செல்களுக்கு உணவு ரத்தத்தின் வழியாக வருகிறது. பெருங்குடலின் உட்சுவர் செல்கள் மட்டும் தங்கள் எரிபொருளில் பெரும்பங்கைக் குழாயின் உள்பக்கத்திலிருந்து, பாக்டீரியாக்களிடமிருந்து எடுத்துக்கொள்கின்றன. 1980இல் ரோடிகர் என்ற ஆய்வாளர் மனிதப் பெருங்குடலிலிருந்து பிரித்தெடுத்த செல்களுக்குக் குளுக்கோஸையும் பியூட்டிரேட்டையும் சேர்த்தே கொடுத்துப் பார்த்தார். செல்கள் பியூட்டிரேட்டைத்தான் முதலில் எரித்தன. அவற்றின் ஆற்றலில் சுமார் 70 சதவீதம் இதிலிருந்து வருவதாகக் கணக்கிடப்பட்டது.

பியூட்டிரேட்டை எரிக்க ஆக்சிஜன் நிறைய வேண்டும். குடல் சுவருக்கு ரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனை இந்தச் செல்களே இழுத்துத் தீர்த்துவிடுவதால், அது கசிந்து குழாயின் நடுப்பகுதிக்குப் போக வழியில்லை. பெருங்குடலின் உட்புறம் கிட்டத்தட்ட ஆக்சிஜனே இல்லாத இடமாக இருக்கிறது. பியூட்டிரேட்டைத் தயாரிக்கும் ஃபீக்கலிபாக்டீரியம், ரோஸ்பூரியா போன்ற பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் பட்டாலே ஆபத்து. அதாவது, பாக்டீரியா செல்லுக்குச் சோறு போடுகிறது. அந்தச் சோற்றைச் செரிக்கும் வேலையாலேயே செல் பாக்டீரியாவின் வீட்டைக் காக்கிறது. தனியாக ஒரு காவல் ஏற்பாடு தேவைப்படவில்லை.

இந்தச் சுழற்சி அறுந்தால் என்ன நடக்கும் என்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். ஆன்டிபயாடிக் கொடுத்து பியூட்டிரேட் பாக்டீரியாக்களை அழித்தால், சுவர்ச் செல்கள் குளுக்கோஸுக்கு மாறிக்கொள்கின்றன. ஆக்சிஜன் செலவு குறைகிறது. மிச்சமான ஆக்சிஜன் உள்ளே கசிகிறது. அதைப் பயன்படுத்தத் தெரிந்த சால்மோனெல்லாவும் ஈ.கோலையும் பெருகுகின்றன. கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளில் பெருங்குடல் செல்கள் பட்டினியில் தங்கள் உறுப்புகளைத் தாங்களே செரிக்கத் தொடங்கியதை 2011இல் கண்டார்கள். பியூட்டிரேட் கொடுத்ததும் அது நின்றது. 2016இல் வந்த மற்றோர் எலி ஆய்வில், நாரில்லாத உணவு கொடுத்தபோது சில பாக்டீரியாக்கள் குடல் சுவரின் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. எலியில் கண்டதெல்லாம் மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் நாரைத் தவிர்ப்பது குடலுக்கு ஓய்வு கொடுப்பதாகும் என்ற நினைப்பு தவறு.

இனி வாயு. உருவாகும் ஹைட்ரஜன் முழுவதும் வெளியே வருவதில்லை. ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் போகிறது. மருத்துவமனைகளில் செய்யும் ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனையின் அடிப்படை இதுதான். இன்னொரு பகுதியை மெத்தனோபிரெவிபாக்டர் என்ற நுண்ணுயிரி எடுத்துக்கொண்டு, நான்கு பங்கு ஹைட்ரஜனையும் ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து ஒரு பங்கு மீத்தேனாக்குகிறது. ஐந்து பங்கு வாயு ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஒரே சுண்டலைச் சாப்பிட்ட இருவரில் ஒருவருக்கு மட்டும் வயிறு உப்புவதற்கு இது ஒரு காரணம். ஆனால் மீத்தேன் அதிகம் உள்ளவர்களுக்குக் குடல் நகர்வு மந்தமாகி மலச்சிக்கல் வருவதும் உண்டு. நாற்றத்துக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. ஹைட்ரஜனுக்கும் மீத்தேனுக்கும் மணமே கிடையாது. மிகச் சிறிய அளவில் உண்டாகும் கந்தகச் சேர்மங்களின் வேலை அது.

நார்ச்சத்து குடலைத் துடைப்பம்போலக் கூட்டித் தள்ளுகிறது என்று பலரும் எழுதுகிறார்கள். நடப்பது வேறு. 1988இல் பிரிட்டனில் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் தன்னார்வலர்களுக்குக் கோதுமைத் தவிடும், அதே அளவுக்கு வெட்டிய பிளாஸ்டிக் துணுக்குகளும் கொடுத்துப் பார்த்தார்கள். பிளாஸ்டிக்கும் மலத்தின் அளவைக் கூட்டியது, வெளியேறும் வேகத்தையும் கூட்டியது. பிளாஸ்டிக்கில் சத்தும் இல்லை, அது நொதிப்பதும் இல்லை. சொரசொரப்பான துணுக்கு சுவரை உரசும்போது சுவர் நீரையும் சளியையும் சுரக்கிறது. மலம் இளகுவது அதனால்தான். தவிட்டை நைசாக மாவாக்கிவிட்டால் இந்தப் பலன் போய்விடும், சிலருக்கு மலம் இன்னும் இறுகும். மிக்ஸியில் இரண்டு முறை சலித்து அரைத்த ‘நார்ச்சத்து மாவு’ வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முட்டைக்கோஸின் வழி வேறு. அதன் நாரில் பெரும்பகுதியைப் பாக்டீரியாக்கள் தின்று பெருகுகின்றன. பெருகிய பாக்டீரியாக்களே மலத்தின் எடையாகின்றன. குஜராத்தில் விளையும் இசப்கோல் விதையின் உமி மூன்றாவது வழி. அது தண்ணீரைப் பிடித்துக் கூழாகி, பெரிய அளவில் நொதிக்காமல் கடைசிவரை கூழாகவே போகிறது. அதனால் வாயு குறைவு. இறுகியதை இளக்கும், நீராகப் போவதைக் கெட்டியாக்கும். ஒரு தேக்கரண்டிக்கு ஒரு முழு டம்ளர், அதாவது 250 மில்லி தண்ணீர் வேண்டும். கலக்கியதும் குடித்துவிட வேண்டும். பொடியை வாயில் போட்டு இரண்டு வாய் தண்ணீர் குடித்தால் அது உணவுக்குழாயிலேயே உப்பி அடைத்துக்கொள்ளலாம்.

சுண்டலுக்கு வருவோம். கடலையை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளில் ஒரு பகுதி ஊறிய நீரோடு போய்விடும். முளைகட்டினால் இன்னும் குறையும். விதை முளைப்பதற்காகச் சேர்த்து வைத்த எரிபொருளே இந்தச் சர்க்கரைகள்தான், முளைக்கும்போது அது செலவழித்துவிடும். சமையல் சோடா போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் தயமின் வைட்டமின் அழியும். பெருங்காயம் மணத்துக்கும் வயிற்றுக்கு இதமாக இருக்கும் என்பதற்கும் போடலாம்; அது ராஃபினோஸை உடைக்காது. ராஜ்மாவை மட்டும் ஊறிய நீரைக் கொட்டிவிட்டுக் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வைத்தே ஆக வேண்டும். அதிலுள்ள லெக்டின் என்ற புரதம் கொதிநிலையில்தான் செயலிழக்கும். இளஞ்சூட்டில் வெந்த ராஜ்மா கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவரும்.

பழகாத குடலுக்குத் தினசரி நாரின் அளவை வாரத்துக்கு வாரம் 5 கிராம் கூட்டினால் போதும். முதல் வாரம் இரண்டு கரண்டி சுண்டல், அடுத்த வாரம் ஒரு வேளை அரிசிக்குப் பதில் கேழ்வரகு அல்லது கம்பு. இவ்விரண்டிலும் 100 கிராமுக்கு 11 கிராம் அளவில் நார் உண்டு. அதற்கடுத்து தினமும் ஒரு கொய்யா. இந்த இடைவெளியில் பாக்டீரியாக் கூட்டத்தின் கலவையே மாறி, பலருக்கு வாயுத் தொல்லை தானாகக் குறைகிறது. கம்பும் கொள்ளும் நம் மக்களின் குடலில் எப்படி நொதிக்கின்றன என்பதை ஆராய இன்னும் நிறையப் பணம் ஒதுக்க வேண்டும். மேற்கத்திய உணவில் கிடைத்த முடிவுகளை எத்தனை காலம் நாம் கடன் வாங்கிக்கொண்டிருப்பது?

ஒருநாள் மலம் போகாவிட்டால் ‘நஞ்சு ரத்தத்தில் ஏறிவிடும்’ என்று பயமுறுத்தி விற்கும் குடல் சுத்தப் பொடிகளை வாங்காதீர்கள். நாளுக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை எல்லாமே இயல்புதான். அந்தப் பொடிகள் பலவற்றில் இருப்பது நிலவாகை. அது நாரே அல்ல, குடலின் நரம்புகளைத் தூண்டும் மருந்து. குழந்தைகளுக்கு மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவதற்கும் எந்த அவசியமும் இல்லை. நீரிழப்புதான் மிஞ்சும்.

எல்லா மலச்சிக்கலும் நாரால் தீராது. மலம் கழிக்கும்போது தளர வேண்டிய ஆசனவாய்த் தசைகள் இறுகிக்கொள்பவர்களுக்கு நாரைக் கூட்டினால் அவதிதான் கூடும். அவர்களுக்குத் தசைப் பயிற்சி உதவும். குடல் பாதை குறுகிப்போனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நார் கூட்டக் கூடாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ஐம்பது வயதுக்கு மேல் திடீரென மாறிய மலப்பழக்கம் ஆகியவற்றுக்குக் கேழ்வரகுக் களி மருந்தாகாது, பரிசோதனை வேண்டும். தினசரி மாத்திரை சாப்பிடுபவர்கள் இசப்கோலுக்கும் மாத்திரைக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். கூழில் மாட்டிக்கொண்ட மருந்து சரியாக ரத்தத்தில் சேராமல் போகலாம்.