இரவுக் கிரீம் தோலில் எவ்வளவு ஆழம் போகிறது?

2007 மார்ச்சில் பிபிசியின் ‘ஹொரைசன்’ அறிவியல் நிகழ்ச்சி, முதுமைச் சுருக்கங்களைக் குறைப்பதாகச் சொல்லும் முகப்பூச்சுகளை ஆராய்ந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத் தோல் மருத்துவப் பேராசிரியர் கிறிஸ் கிரிஃபித்ஸ், பூட்ஸ் மருந்துக்கடைகளில் விற்கும் ‘நம்பர் செவன்’ வரிசைச் சீரம் ஒன்றைச் சோதித்து, அதனால் தோலில் உண்மையாகவே ஏதோ மாற்றம் நடக்கிறது என்றார். அடுத்த சில நாட்களில் பிரிட்டன் முழுவதும் அந்தக் கடைகளின் வாசலில் வரிசை நின்றது. அலமாரிகள் காலியாகின.

கிரிஃபித்ஸின் குழு 2009இல் ஒரு முறையான மருத்துவச் சோதனையை வெளியிட்டது. செலவு பூட்ஸ் நிறுவனத்தினுடையது. மொத்தம் 60 பேர். ஒரு பாதிக்குச் சீரம் கொடுத்தார்கள். மறு பாதிக்கு, செயல்படும் சரக்குகளைச் சேர்க்காத வெறும் அடிப்பூச்சு. யார் எதைப் பூசுகிறார் என்பது பூசுகிறவருக்கும் தெரியாது, சோதிக்கிறவருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது சீரம் பூசியவர்களில் 43 சதவீதம் பேருக்குச் சுருக்கம் குறைந்திருந்தது. வெறும் அடிப்பூச்சைப் பூசியவர்களில் 22 சதவீதம் பேருக்கும் குறைந்திருந்தது.

புள்ளியியலாளர்கள் இந்தக் கணக்கைக் குறை சொன்னார்கள். இரு குழுக்களையும் நேருக்கு நேர் நிறுத்தி ஒப்பிடாமல், ஒவ்வொரு குழுவையும் அதன் தொடக்க நிலையோடு ஒப்பிட்டது சரியல்ல என்பது அவர்கள் வாதம். அது நியாயமானதும்கூட. ஆனால் அந்தச் சோதனையில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது 22 என்ற எண்தான். விலை உயர்ந்த சரக்கு எதுவும் இல்லாத ஒரு பூச்சு, ஐந்தில் ஒருவருக்குப் பலன் தந்திருக்கிறது. கவனமாக முகம் கழுவியது, கணிப்பில் இயல்பாக வரும் ஏற்ற இறக்கம் ஆகியவற்றுக்கும் அதில் பங்கு இருக்கலாம். இருந்தாலும் பெரும்பகுதியை விளக்க, தோலின் மேற்பரப்பில் கிரீம் என்ன செய்கிறது என்று பார்த்தால் போதும்.

நம் தோலின் ஆக வெளிப்புற அடுக்கு உயிரற்றது. தட்டையான இறந்த செல்கள் பதினைந்து, இருபது வரிசைகளாகப் படிந்திருக்கின்றன. மொத்தத் தடிமன், ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. அந்தச் செல்களைச் செங்கல் என்று வைத்துக்கொண்டால் இடையில் பூசிய சாந்து கொழுப்பு: செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். உடலின் நீர் ஆவியாகி வெளியேறாமல் தடுப்பது இந்தச் சுவர்தான்.

வயது ஏற ஏற அந்தச் சாந்து குறைகிறது. எண்ணெய்ச் சுரப்பிகளும் மந்தமாகின்றன. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு இது தெளிவாகத் தெரியும். நீர் தங்காத மேலடுக்கு சுருங்கி, நுண்ணிய கோடுகளைக் காட்டுகிறது. ஒளி சீராகப் பிரதிபலிக்காததால் முகம் மங்கலாகத் தெரிகிறது. தோலிலிருந்து ஆவியாகும் நீர் காலையைவிட மாலையிலும் இரவிலும் கூடுதல் என்று அளவீடுகள் காட்டுகின்றன. படுக்கப்போகும் முன் கிரீம் பூசுவதற்கு முதல் காரணம் இதுதான்.

அடிப்பூச்சில் இருப்பவை எளிய சரக்குகள். கிளிசரின் நீரை இழுத்துப் பிடித்து வைக்கும். பெட்ரோலியம் ஜெல்லி, அதாவது நம் வீடுகளில் பனிக்காலத்தில் உதட்டுக்கும் குதிகாலுக்கும் தடவும் வாசலின், நீர் வெளியேறுவதை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுக்கும். செராமைடு சேர்த்த கிரீம்கள் குறைந்துபோன கொழுப்பை ஈடு செய்யும். இரவு பூசிக் காலையில் கண்ணாடி பார்த்தால் முகம் மிருதுவாக, கோடுகள் குறைந்து தெரிவது கற்பனையில்லை. மேலடுக்கு நீரை ஏற்றுப் பருத்திருக்கிறது. பூசுவதை நிறுத்தினால் சில நாட்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். முதிர்ந்த தோலில் வறட்சியும் அரிப்பும் படுத்தும் பாட்டை அறிந்தவர்கள் இந்த வேலையைச் சிறிதாக மதிக்க மாட்டார்கள். இதற்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

ஆழமான சுருக்கம் வேறு இடத்தில் பிறக்கிறது. மேல்தோலுக்குக் கீழே இருக்கும் அடித்தோலில் கொலாஜன் இழைகள் தோலுக்கு உறுதியையும், எலாஸ்டின் இழைகள் இழுபட்டு மீளும் தன்மையையும் தருகின்றன. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் மட்டும் தோலின் கொலாஜனில் ஏறக்குறைய 30 சதவீதத்தைப் பெண்கள் இழக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் குறைவதே காரணம். நாற்பதுகளின் இறுதியிலும் ஐம்பதுகளிலும் முகம் திடீரென மாறிவிட்டதாகப் பெண்கள் உணர்வதில் எந்த மிகையும் இல்லை.

இதோடு வெயில் சேர்கிறது. புற ஊதாக்கதிர் பட்ட செல்கள், கொலாஜனைத் துண்டிக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கேரி ஃபிஷர், ஜான் வூர்ஹீஸ் குழு 1990களில் இதைக் காட்டியது. தோலைச் சிவக்க வைக்காத அளவு வெயிலே அந்த நொதிகளைத் தூண்டிவிடப் போதும். உடைந்ததைத் தோல் சரிசெய்கிறது, ஆனால் முழுமையாகச் செய்வதில்லை; ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறை மிஞ்சுகிறது. அமெரிக்காவில் 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது முதியவர் ஒருவரின் படம் 2012இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. ஜன்னல் கண்ணாடி வழியே வெயில் வாங்கிய இடப் பக்கம் ஆழமாகச் சுருங்கித் தொங்கியிருந்தது. வலப் பக்கம் பல வயது இளமையாக இருந்தது. இரு பக்கத்துக்கும் வயது ஒன்றுதான்.

கொலாஜன் குறைகிறதென்றால் கொலாஜனையே பூசிவிட்டால் என்ன? ‘கொலாஜன் கிரீம்’ டப்பாக்கள் இந்த எண்ணத்தை நம்பியே விற்கின்றன. தோல் ஆய்வில் ஒரு பொது விதி உண்டு: 500 டால்டனுக்கு (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) மேல் எடையுள்ள மூலக்கூறு, நலமான தோலைக் கடந்து உள்ளே போவது மிகக் கடினம். கொலாஜன் மூலக்கூறின் எடை ஏறக்குறைய மூன்று லட்சம் டால்டன். அது மேலேயே தங்கிக் கொஞ்சம் ஈரம் காக்கும், அவ்வளவுதான். நீரைப் பிடித்து வைக்கும் ஹயலுரானிக் அமிலத்தின் பெரிய மூலக்கூறுகளும் அப்படித்தான். உள்ளே போய் வேலை செய்ய வேண்டுமானால் மூலக்கூறு சிறியதாக இருக்க வேண்டும்; செல்லோடு பேசத் தெரிந்ததாகவும் இருக்க வேண்டும். வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாலின் எடை 286 டால்டன்.

இந்தக் குடும்பத்தின் கதை முகப்பருவிலிருந்து தொடங்குகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன், ட்ரெட்டினாய்ன் என்ற ரெட்டினாயிக் அமிலத்தை 1960களில் பருவுக்கு மருந்தாக்கினார். பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் உடலில் அவர் நடத்திய சோதனைகள் மருத்துவ அறத்தின் மீது விழுந்த கறை. 1974இல்தான் அவை நின்றன. இந்த மருந்தின் பயனைப் பேசும்போது அந்த மனிதர்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்று கருதுகிறேன். பருவுக்காக இதைப் பூசிய நடுவயதுப் பெண்கள், தோல் வழவழப்பாகிவிட்டது, சுருக்கம் குறைந்துவிட்டது என்று சொல்லத் தொடங்கினார்கள். கிளிக்மன் அதைக் காதில் வாங்கிக்கொண்டு ஆராய்ந்து, 1986இல் முடிவை வெளியிட்டார். 1988இல் வூர்ஹீஸ் குழு, 30 பேரிடம் 16 வாரச் சோதனை நடத்தியது. ஒரு முன்கையில் மருந்து, மறு முன்கையில் வெறும் பூச்சு. மருந்து பட்ட முப்பது கைகளிலும் முன்னேற்றம் தெரிந்தது. பத்தில் ஒன்பது பேருக்குமேல் தோல் சிவந்து எரிச்சலும் கண்டது. 1995இல் அமெரிக்க அரசின் மருந்து ஆணையம், சுருக்கத்துக்கென்றே ட்ரெட்டினாய்ன் கிரீமை அனுமதித்தது.

ரெட்டினாயிக் அமிலம் செல்லின் கருவுக்குள் போய், அதற்கென்றே அமைந்த ஏற்பியோடு இணைகிறது. அங்கிருந்து சில மரபணுக்களை இயக்குகிறது, சிலவற்றை அடக்குகிறது. அதன் விளைவாகக் கொலாஜனைத் துண்டிக்கும் நொதிகள் குறைகின்றன. புதிய கொலாஜன் உற்பத்தி கூடுகிறது. மெலிந்துபோன மேல்தோல் தடிக்கிறது. மேலடுக்கில் புதிய செல்கள் விரைவாக வந்து சேர்கின்றன. கொலாஜனை வெளியிலிருந்து கொடுக்க முடியாது, உள்ளே உற்பத்தியைத் தூண்ட முடியும் என்பதை இந்த மூலக்கூறு நிரூபித்தது.

ட்ரெட்டினாய்ன் மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்து. கடையில் நேரடியாக வாங்கும் இரவுக் கிரீம்களில் இருப்பது பெரும்பாலும் ரெட்டினால் அல்லது ரெட்டினைல் பால்மிடேட். தோலின் நொதிகள் ரெட்டினைல் பால்மிடேட்டை ரெட்டினாலாகவும், அதை ரெட்டினால்டிஹைடாகவும், கடைசியாக ரெட்டினாயிக் அமிலமாகவும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் வீணாகிறது. அதனால் வீரியம் குறைவு, எரிச்சலும் குறைவு.

அந்தக் குறைந்த வீரியம் போதுமா என்ற கேள்விக்கு எனக்கு மிகப் பிடித்த விடை 2007இல் மிச்சிகனிலிருந்து வந்தது. முதியோர் குடியிருப்புகள் இரண்டிலிருந்து 36 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களின் சராசரி வயது 87. வெயில் அதிகம் படாத மேற்கையின் உட்புறத் தோலில், ஒரு கையில் 0.4 சதவீத ரெட்டினால், மறு கையில் அது இல்லாத பூச்சு, வாரம் மூன்று முறை வரை, 24 வாரம். ஆய்வுக்குழுவினரே நேரில் போய்ப் பூசிவிட்டார்கள். ரெட்டினால் பட்ட கையில் நுண்சுருக்கங்கள் தெளிவாகக் குறைந்தன. கொலாஜனுக்கு முன்னோடியான புரதமும், நீரைப் பிடித்து வைக்கும் சர்க்கரைச் சங்கிலிகளும் கூடியிருந்தன. எண்பத்தேழு வயதிலும் தோல்செல்லுக்குச் செய்தி போய்ச் சேர்கிறது, அது பதிலும் சொல்கிறது. ‘இந்த வயதில் எதற்கு’ என்று யாராவது சொன்னால், இந்த ஆய்வை அவர்களிடம் சொல்லலாம்.

ரெட்டினால் ஒளியிலும் காற்றிலும் சிதைந்துபோகும். அதை இரவில் பூசச் சொல்வதற்கு அதுவே முக்கியக் காரணம். வாய் அகன்ற கண்ணாடி டப்பாவைவிட, ஒளி புகாத டியூபும் பம்ப் புட்டியும் நல்லவை. தொடக்கத்தில் வாரம் இரண்டு இரவு, பட்டாணி அளவு, முகம் உலர்ந்த பிறகு. பழகிய பின் கூட்டலாம். எரிச்சல் தருமானால் முதலில் சாதாரண மாய்ஸ்சரைசர், அதன்மேல் ரெட்டினால். ஐரோப்பிய ஒன்றியம் முகப்பூச்சுகளில் ரெட்டினாலின் உச்ச வரம்பை 0.3 சதவீதம் என்று வகுத்திருக்கிறது. கருவுற்றிருப்பவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் இந்தக் குடும்பத்தையே தவிர்க்க வேண்டும்.

மாநிறத் தோலும் கருந்தோலும் உள்ளவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. தோலின் நிறமியான மெலனின் நம்மை ஓரளவு காப்பதால் சுருக்கம் தாமதமாகவே வருகிறது. அதற்கு முன்பே மங்கு எனப்படும் கருமைப் படர்வும் கருந்திட்டுகளும் வந்துவிடும். கிரீமால் தோல் எரிந்து சிவந்தால் ஆறிய இடம் கறுக்கும், அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். ஆகவே வேகம் வேண்டாம். வைட்டமின் பி3இன் ஒரு வடிவமான நியாசினமைடு நம் தோலுக்கு ஒத்துப்போகும் மென்மையான சரக்கு. நிறமித் துகள்கள் மேல்செல்களுக்குப் போவதைக் குறைக்கிறது, மேலடுக்கின் கொழுப்பையும் கூட்டுகிறது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, இரவில் முகமெல்லாம் பூசும் சில களிம்புகளில் ட்ரெட்டினாய்ன், நிறத்தை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோன் ஆகியவற்றோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. மங்குக்காக, குறுகிய காலத்துக்கு, மருத்துவர் கண்காணிப்பில் தருவதற்கானவை அவை. பூசிய சில நாட்களில் முகம் பளிச்சென்று ஆவதால் பலர் ஆண்டுக்கணக்கில் விடுவதில்லை. ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும், இரத்த நாளங்களை வெளியே தெரிய வைக்கும், நிறுத்தினால் முகம் தீயாய் எரியும். வயதால் ஏற்கெனவே மெலிந்த தோலுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. 2018இல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்பதற்குத் தடை போட்டது. வீட்டில் அம்மாவோ பெரியம்மாவோ இப்படி ஒன்றைப் பூசுகிறார்களா என்று டியூபை வாங்கிப் பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்ற பெயர்கள் இருந்தால் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நீண்ட நாள் பூசியதை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிட வேண்டாம்.

ஒரு புதிய இரவுக் கிரீமைச் சோதிக்க நினைப்பவர், ஆய்வாளர்களின் வழியையே பின்பற்றலாம். முதலில் காதின் பின்னாலோ முன்கையிலோ சில நாள் பூசி, ஒவ்வாமை இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிறகு முகத்தின் ஒரு பாதிக்குப் புதியது, மறு பாதிக்கு வழக்கமான மாய்ஸ்சரைசர். அதே ஜன்னல், அதே நேரம், அதே கோணம் என்று படம் எடுத்து வைக்க வேண்டும். முதல் வாரத்தில் தெரியும் மினுமினுப்பு நீரினால் வருவது. அதை இரு பாதியிலும் காணலாம். கொலாஜன் மெல்லத்தான் சேரும். பன்னிரண்டு வாரத்துக்கு முன் தீர்ப்புச் சொல்வது அவசரம். ஆறு மாதம் பார்ப்பது நல்லது.

இதற்கெல்லாம் மேல், பகலில் சன்ஸ்கிரீன் இல்லாவிட்டால் இரவில் கட்டியதை வெயில் உடைத்துவிடும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நாம்பூர் என்ற ஊரில், 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். புறங்கைத் தோலைச் சிலிக்கோன் அச்சில் எடுத்து, அதன் வரிகளை ஒப்பிட்டார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொல்லப்பட்டவர்களுக்கு, தம் விருப்பப்படி பூசியவர்களைவிடத் தோல் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவு. 2013இல் வெளியான அதே ஆய்வில் சிலருக்கு, உடலுக்குள் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் மாத்திரைகளையும் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் தோலுக்கு ஒரு பயனும் தெரியவில்லை. வைட்டமின் ஏ மாத்திரையை அழகுக்கென்று அளவுக்கு மீறி விழுங்கினால், சுருக்கம் போகாது, கல்லீரல்தான் கெடும்.