உங்கள் ஐந்நூறு ரூபாய் என் கையில் இருக்கும்போது

கல்யாண வரவேற்பில், மணமக்களைப் பார்க்கும் வரிசை நகராமல் நிற்கும் நேரத்தில், நாற்காலிகளுக்கு நடுவே நடந்து மேஜிக் காட்டுவது என் தொழில். மேடை இல்லை, பெட்டி இல்லை. “ஒரு நோட்டு கொடுங்கள் சார், திருப்பித் தந்துவிடுகிறேன்” என்று ஆரம்பிப்பேன். இப்போதெல்லாம் பாதிப் பேர் கைப்பேசியை எடுத்து, “ஸ்கேன் செய்யட்டுமா?” என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். கடைசியில் யாராவது மொய்க் கவருக்கென்று வைத்திருக்கும் ஐந்நூறு ரூபாய்தான் கிடைக்கும்.

நான் கொண்டுவரும் சீட்டுக்கட்டை யாரும் நம்புவதில்லை. ஏதோ செய்து எடுத்து வந்திருப்பான் என்றுதான் பார்ப்பார்கள். தங்கள் பர்ஸிலிருந்து வந்த நோட்டில் அந்தச் சந்தேகம் எழாது. போதாக்குறைக்கு, “வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்” என்றும் சொல்வேன். ஐந்நூறு ரூபாயில் அந்த எண் இடது மேற்புறத்திலும் வலது கீழ்ப்புறத்திலும் சிறிதில் தொடங்கிப் பெரிதாகிக்கொண்டே போகும். பெரிய இலக்கங்கள் கடைசியில் வருவதால் படிப்பது எளிது. அவர் இரண்டு முறை முணுமுணுத்துப் பார்த்துக்கொள்வார்.

இத்தனை ஆண்டுகளில் நான் கவனித்த விஷயம் இதுதான்: எண்ணை மனப்பாடம் செய்த நொடியிலிருந்து அவர் நோட்டைப் பார்ப்பதில்லை. எண்ணைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு, கண்ணை என் முகத்துக்கு அனுப்பிவிடுகிறார். எனக்குத் தேவைப்படுவது அந்த அரை நொடி. அதில் என்ன செய்கிறேன் என்று எழுதினால் என் சோறு போய்விடும், எழுத மாட்டேன். ஆனால் அந்த அரை நொடியை நம்பிப் பிழைப்பவன் நான் மட்டும் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

வங்கி வாசலில் சில பத்து ரூபாய் நோட்டுகளைத் தரையில் போட்டுவிட்டு, “ஐயா, உங்கள் பணம் கீழே கிடக்கிறது” என்று ஒருவன் சொல்வான். குனிந்து பொறுக்கி நிமிர்வதற்குள் பை போயிருக்கும். நாளிதழ்களில் ‘கவனத்தைத் திசைதிருப்பி’ என்று வருமே, அதுதான். இரவல் நோட்டில் நான் செய்வதும் இதன் அடிப்படைதான்: ஒருவரின் பணத்தைக் காட்டியே அவரைத் திருப்புவது. தெருவில் வித்தை காட்டிய பழைய மோடிமஸ்தான், கூடி நின்றவர்களை நடுவில் நகரவிடாமல், ரத்தம் கக்குவாய் என்று மிரட்டி நிற்கவைத்தான். இவன் மிரட்டுவதில்லை, உதவி செய்கிறான். அதனால்தான் ஏமாறுகிறோம்.

கட்டாக எண்ணித் தரும்போதும் இதே கதை. நடுவில் சில நோட்டுகளை இரண்டாக மடித்து வைத்தால், ஓரத்தை மட்டும் புரட்டி எண்ணுபவருக்கு ஒரு நோட்டு இரண்டாகக் கணக்கில் வரும். உங்கள் கண் முன்னாலேயே எண்ணினார் என்பதால் நீங்கள் மறுபடி எண்ணக் கூச்சப்படுவீர்கள். அந்தக் கூச்சம்தான் அவருடைய முதலீடு. கட்டை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக இறக்கி எண்ணுங்கள். யார் கோபித்தாலும் சரி.

பணத்தைப் பெருக்கித் தருவதாகச் சொல்லும் நோட்டு இரட்டிப்பு மோசடி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எங்கள் தொழிலிலிருந்து திருடப்பட்ட வித்தை. கறுப்புக் காகிதம் ஒன்றை ஏதோ திரவத்தில் முக்கினால் ஐந்நூறு ரூபாய் வெளியே வரும். கடைக்குப் போய் மாற்றிப் பார்க்கச் சொல்வார்கள், செல்லும். செல்லாமல் என்ன? அது கறை பூசிய அசல் நோட்டு. அயோடின் கறை, வைட்டமின் சி மாத்திரை கரைத்த தண்ணீரில் வெளுத்துவிடும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்கக்கூடிய வேதியியல் அது. முதல் நோட்டு அவர்கள் கைக்காசு. அதை நம்பி நீங்கள் பணம் கொடுத்து வாங்கும் பெட்டியில் இருப்பது வெறும் கறுப்புக் காகிதம். நோட்டைச் சோதித்தவர்கள் பெட்டியைச் சோதிப்பதில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அடுத்தவர் நோட்டை நிஜமாகக் கிழிக்காதீர்கள். ஐம்பது ரூபாயிலிருந்து மேலே உள்ள நோட்டுகளில், கிழியாத பெரிய துண்டு 80 சதவீதப் பரப்புக்கு மேல் இருந்தால்தான் முழுத் தொகை, 40 முதல் 80 வரை பாதி, அதற்கும் கீழே ஒன்றும் கிடையாது. வேண்டுமென்றே கிழித்தது என்று தெரிந்தால் வங்கி கோரிக்கையையே நிராகரிக்கலாம். நிஜ நோட்டைப் போலவே அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு விளையாடுவதும் வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 182ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது.

பேனா விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். ஒரு முறை விருந்தினரை நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவரும் போட்டார், வித்தை அமோகம். மறுநாள் ஃபோன்: பெட்ரோல் பங்கில் வாங்க மறுத்துவிட்டார்களாம். எழுதிய நோட்டும் செல்லும் என்றுதான் ரிசர்வ் வங்கி சொல்கிறது. ஆனால் பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கும்போது யார் நின்று வாதாடுவது? வேறு நோட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிலிருந்து பேனாவைத் தொடுவதில்லை. எண்ணை அவர்கள் கைப்பேசியிலேயே படம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். முடிந்ததும் நோட்டை விரித்து, அவர் உள்ளங்கையில் வைத்து, எண்ணைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த நாற்காலிக்குப் போவேன். கைதட்டல் வந்துவிட்டது என்பதற்காக இந்தப் படியைத் தாண்டியதில்லை.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் ஆச்சி ஒருவர் சுருக்குப்பையிலிருந்து நூறு ரூபாய் எடுத்து நீட்டினார். நான் வாங்கினேன், அவர் விடவில்லை. ஒரு மூலை என் கையில், மறு மூலை அவர் கையில். “நீ பாட்டுக்குச் செய் தம்பி, நான் இந்தப் பக்கம் பிடித்துக்கொள்கிறேன்” என்றார். நாணய வித்தை ஒன்றைக் காட்டிவிட்டு நகர்ந்தேன்.