மருத்துவ அறிக்கையின் சொற்கள்: பயமும் அலட்சியமும்

பரிசோதனை அறிக்கையில் 'க்ரானிக்' என்ற சொல்லைக் கண்டதுமே நோய் முற்றிவிட்டதாகப் பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். எண்டோஸ்கோபி அறிக்கையில் இரைப்பை அழற்சியைக் குறிக்கும் 'மைல்ட் க்ரானிக் காஸ்ட்ரைடிஸ்' என்ற வரியின்மேல் விரலை வைத்தபடி, "காப்பாற்றிவிடலாமா டாக்டர்?" என்று கேட்டவர்கள் உண்டு, லேசானது என்று சொல்லும் 'மைல்ட்' அவர்கள் கண்ணில் பட்டிருக்காது. காலத்தைக் குறிக்கும் 'க்ரோனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த க்ரானிக், நோய் நெடுநாளாக இருப்பதை மட்டுமே தெரிவிக்கிறது. அதன் கடுமையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. 'அக்யூட்' என்பதோ திடீரெனத் தொடங்கியதைக் குறிக்கும். அக்யூட் அப்பெண்டிசைடிஸ் என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது.

அதிகக் குழப்பம் விளைவிப்பது 'ஐடிஸ்' என்ற விகுதி. கிரேக்கத்தில் அதற்குச் 'சார்ந்த' என்பதே பொருளாக இருந்தது. ஆர்த்ரைடிஸ் என்றால் மூட்டைச் சார்ந்த நோய், அவ்வளவுதான். நாளடைவில் அது அழற்சியைக் குறிக்கும் விகுதியாக நிலைத்துவிட்டது. நெருப்பைக் குறிக்கும் 'அழல்' என்பதிலிருந்து 'அழற்சி' என்று தமிழில் ஆக்கியவர்களைப் பாராட்ட வேண்டும். முதலாம் நூற்றாண்டில் ரோமானியரான செல்சஸ் குறித்துவைத்த சிவப்பு, வீக்கம், சூடு, வலி ஆகிய நான்கு அடையாளங்களையும் அச்சொல் நினைவூட்டுகிறது. ஆனால் அழற்சி வேறு, கிருமித்தொற்று வேறு. ஹெபடைடிஸ் என்ற கல்லீரல் அழற்சி வைரஸால் வரலாம், மதுவாலும் வரலாம், சில மாத்திரைகளாலும் வரலாம். மூட்டுத் தேய்மானத்தால் வரும் ஆர்த்ரைடிஸுக்கு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவதால் எந்தப் பயனும் இல்லை, பக்கவிளைவுதான் மிஞ்சும்.

'ஓமா' என்று முடிந்தாலே புற்றுநோய் என்று அஞ்சுவதும் தவறு. லைப்போமா தீங்கற்ற கொழுப்புக் கட்டி. ஹீமடோமா அடிபட்ட இடத்தில் இரத்தம் தேங்குவது. கண் நரம்பைப் பாதிக்கும் கிளாக்கோமா கட்டியே அல்ல. அதே சமயம் மெலனோமாவும் லிம்ஃபோமாவும் புற்றுநோய்களே என்பதால், விகுதியை மட்டும் வைத்து நிம்மதி அடைவதற்கும் இடமில்லை.

சில பெயர்களில் பழைய தவறான நம்பிக்கைகள் அப்படியே உறைந்து கிடக்கின்றன. காரணம் இன்னதென்று பிரித்தறிய முடியாத உயர் இரத்த அழுத்தத்தை 'எசென்ஷியல் ஹைப்பர்டென்ஷன்' என்கிறோம். வயதாகும்போது உறுப்புகளுக்கு இரத்தத்தைத் தள்ள அந்தக் கூடுதல் அழுத்தம் அவசியம் என்று மருத்துவர்களே ஒரு காலத்தில் நம்பியதால் வந்த பெயர் அது. பெயரைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

என் அனுபவத்தில் மிகவும் ஆபத்தானது, மிகுதியைக் குறிக்கும் 'ஹைப்பர்', குறைவைக் குறிக்கும் 'ஹைப்போ' ஆகிய இரண்டும் காதில் ஏறக்குறைய ஒன்றாக ஒலிப்பதுதான். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும் ஹைப்போகிளைசீமியாவில், நோயாளி விழுங்கும் நிலையில் இருந்தால் சுமார் 15 கிராம் குளுக்கோஸை உடனே கொடுக்க வேண்டும். சர்க்கரை எகிறிய ஹைப்பர்கிளைசீமியாவில் அதையே கொடுத்தால் நிலைமை மோசமாகும். ஆகவே தொலைபேசியில் மருத்துவரிடம் பேசும்போது பெயரைச் சொல்லாதீர்கள், கருவி காட்டும் எண்ணைச் சொல்லுங்கள்.

அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்திலும் கடைசி எழுத்துகளைக் கவனிக்க வேண்டும். 'எக்டமி' என்றால் உறுப்பையோ அதன் பகுதியையோ வெட்டி நீக்குவது. 'ஒட்டமி' என்றால் கீறித் திறப்பது. 'ஆஸ்டமி' என்றால் புதிதாக ஒரு திறப்பை அமைப்பது. கொலெக்டமி என்று மட்டும் இருந்தால் பெருங்குடலின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுப்பார்கள். கொலாஸ்டமியும் சேர்ந்திருந்தால், வயிற்றுச் சுவரில் அமைக்கும் திறப்பின் வழியே மலம் ஒரு பைக்குள் சேரும். கண்விழித்த பிறகு அந்தப் பையைப் பார்த்து அதிர்ந்துபோவதைவிட, அது தற்காலிகமானதா நிரந்தரமானதா என்று கையெழுத்திடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த விவரம் பெயரில் இருக்காது.