துண்டுக் குழாயில் நிற்கும் தூண்டில்

தூண்டில் கம்பை நட்டு வைக்கும் தாங்கியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வேலை முடிந்து மிஞ்சிய பிவிசி குழாய்த் துண்டு, ஒரு ஆங்கிள் இரும்பு, இரண்டு போல்ட்டு போதும். எந்தப் பொருளில் செய்கிறோம் என்பதைவிட, குழாய்க்குள் கம்பு எவ்வளவு இறங்குகிறது, மண்ணுக்குள் இரும்பு எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் முக்கியம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தூண்டில் நரம்பு 8 கிலோ தாங்கும் என்றால், நரம்பு சுற்றியிருக்கும் ரீலின் டிராக்கை (நரம்பு எவ்வளவு இழுத்தால் வெளியேறும் என்பதைக் கட்டுப்படுத்தும் பிடி) அதில் கால் பங்குக்கு, அதாவது 2 கிலோ இழுத்தாலே நரம்பு வெளியேறும்படி வைப்பது வழக்கம். கம்பின் நீளம் 3 மீட்டர். அதில் 30 செ.மீ. குழாய்க்குள். மீன் நுனியைக் குறுக்காக இழுத்தால் கம்பு குழாயின் வாயில் சாய்ந்து, அடியில் எதிர்ப்பக்கமாக உதைக்கும். நெம்புகோல் விதிப்படி அடியில் 18 கிலோ, வாயில் 20 கிலோ விசை விழுகிறது. இதே கம்பை 15 செ.மீ. மட்டும் இறக்கி வைத்தால் வாயில் விழுவது 40 கிலோ! நிஜத்தில் கம்பு வளைந்து கொடுப்பதால் இது கொஞ்சம் குறையும். ஆனாலும் குட்டைக் குழாய்கள் வாய்ப்பக்கம் விரிசல் விடுவதற்குக் காரணம் இதுதான்.

அதனால் 30 செ.மீ. ஆழத்தில் குறுக்காகத் துளை போட்டு ஒரு போல்ட்டைச் செருகுங்கள். கம்பின் அடி அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும், ரீல் வாய்க்கு மேலே நிற்கும். ரீலைக் கம்போடு பிணைக்கும் காலுக்காக வாயில் காடி (நீள வெட்டு) வெட்டுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதிக விசை விழும் விளிம்பையே அது பலவீனமாக்குகிறது. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், காடி முடியும் இடத்தில் முதலில் வட்டத் துளை போட்டுவிட்டு அறுங்கள். கூர்மையான மூலையில்தான் விரிசல் தொடங்கும்.

சரி, மண்ணுக்கு வருவோம். அடி போல்ட்டே ஆங்கிள் இரும்பையும் சேர்த்துப் பிடிக்கட்டும், மேலே இன்னொன்று. இரும்பின் முனையைச் சாய்வாக அறுத்தால் சுலபமாக இறங்கும். மணலில் ஊன்றியது கவிழாமல் தாங்கும் திறன், ஆழத்தை இரட்டிப்பாக்கினால் ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. ஆழம் கூடும்போது மேல்மணலின் பாரத்தால் அடிமணல் இறுகுகிறது, எதிர்த்து நிற்கும் மணலின் அளவு கூடுகிறது, அந்த எதிர்ப்பு செயல்படும் கை நீளமும் கூடுகிறது. மூன்றும் இரட்டிப்பானால் எட்டு. இரும்பின் அகலத்தை இரட்டிப்பாக்கினாலோ இரண்டு மடங்குதான்.

வாய் விளிம்பை அரத்தால் உருட்டி, உள்ளே பழைய சைக்கிள் டியூப் ஒட்டினால் கம்பில் கீறல் விழாது. வாயை விரிக்க வேண்டுமானால் கொதிநீரில் முக்குங்கள். பிவிசி சுமார் 80 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும். நேரடித் தீயில் மட்டும் காட்டாதீர்கள். கருகும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயு வரும்.